மாமியாரின் அலமாரி

அந்த மருத்துவக் கல்லூரியில் படித்த யாரைப் பிடித்துக் கேட்டாலும் மாமியாரைப் பற்றி ஒரு கதை வைத்திருப்பார்கள். கட்டிக்கொண்டவனின் அம்மா அல்ல இந்த மாமியார். தீவிர சிகிச்சைப் பிரிவின் முன்னறைச் சுவரில் பதித்த ஓர் எஃகு அலமாரி, அதன் நெற்றியில் பொட்டளவு விளக்கு, உள்ளேயிருந்து ஒரு பெண்குரல், அவ்வளவுதான். அரசாங்கம் அதற்கு வைத்த பெயர் ‘மருந்துக் காவல்’. அந்தப் பெயரை ஆண்டு விழாவில் டீன் சொல்லிக் கேட்டதோடு சரி. சரக்கறைச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒரு கரண்டி நெய் கேட்டால் ஏன், எதற்கு, யாருக்கு என்று குடைந்தெடுப்பவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்களாம்? ஏதோ ஒரு பேட்ச் பிள்ளைகள் மாமியார் என்று வைத்தார்கள். ஒட்டிக்கொண்டது.

உள்ளே இருந்தது நெய்யல்ல, ஒரு மருந்து. மனிதன் கண்டுபிடித்த மருந்துகளுக்கெல்லாம் கிருமிகள் ஒவ்வொன்றாகப் பழகிப்போய், அவற்றைப் பச்சைத் தண்ணீராகக் குடித்துவிட்டு உட்கார்ந்திருந்த காலம் அது. கிருமிக்கு இன்னும் பழகாதது என்று இந்த ஒன்றுதான் மிச்சம். பெட்டியில் அச்சடித்த பெயர் வாயில் நுழையாது என்பதால் வார்டில் எல்லாரும் ‘கடைசி’ என்றே சொன்னார்கள். கடைசியையும் கண்டபடி கொடுத்தால் அதையும் கிருமி பழகிக்கொள்ளும். அப்புறம் நோயாளியைக் கும்பிட்டு வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான். அதனால் யாருக்குக் கொடுக்கலாம், யாருக்குக் கூடாது என்று மாமியார்தான் சொல்வாள். அவள் வேண்டாம் என்றுவிட்டால் டீன் வந்தாலும் மந்திரி வந்தாலும் கதவு திறக்காது. வேறோர் ஊரில் எவனோ பூட்டை உடைத்துப் பார்த்தான். குப்பிகளெல்லாம் உள்ளேயே கவிழ்ந்து, மருந்து சாக்கடையோடு போய்விட்டது.

இன்பென்டா அங்கே ஹவுஸ் சர்ஜன். படிப்பை முடித்துவிட்டு, ஊரெல்லாம் டாக்டர் என்று கூப்பிட, வார்டில் மாடாக உழைக்கிற வருஷம் அது. அவளும் ஒருமுறை மாமியாரிடம் போய்க் கேட்டிருக்கிறாள். லோடு ஆட்டோ ஓட்டுகிற ஒருவருக்கு, வயிற்று அறுவைக்குப் பிறகு சீழ் பிடித்திருந்தது. மாமியார் வேண்டாம் என்றாள். இன்பென்டாவும் சரிதான் என்று தலையாட்டிவிட்டு வந்து, அவர் மனைவியிடம் “எங்களால முடிஞ்சதெல்லாம் பாத்துட்டோம்மா” என்றாள். அந்த அம்மாள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். இன்பென்டா கேன்டீனுக்குப் போய்ச் சாப்பிட்டாள். நாளைய மனிதர்களுக்காக ஒரு மருந்தைக் காப்பாற்றிவிட்டோம் என்ற நினைப்பு இருந்தபடியால் சோறு நன்றாகவே இறங்கியது.

அப்படி இருந்தவளை இந்த ஆடி மாதத்தில் ஒரு கண்ணாடித் துண்டு புரட்டிப் போட்டது.

துண்டு குத்தியது அவளை அல்ல, ஆவுடையை. ஆவுடையம்மாள் இன்பென்டாவின் அறைத்தோழி. கோவில்பட்டிப் பக்கத்துக்காரி, வாய் காது வரைக்கும். ஐந்து வருஷம் ஒரே அறை, ஒரே பக்கெட், ஒரே சார்ஜர். ஊசி மருந்து வருகிற சின்னக் கண்ணாடிக் குப்பியின் கழுத்தை ஒடிப்பதற்குப் பஞ்சு வைத்துப் பிடிக்க வேண்டும் என்று முதல் நாளே சொல்லிக்கொடுப்பார்கள். எந்த ஹவுஸ் சர்ஜன் பஞ்சைத் தேடினாள்? வெறும் விரலால் டக்கென்று ஒடிப்பதுதான் அவர்களுக்குள் ஒரு கெத்து. ஆவுடை ஒடித்தாள், விரல் கிழிந்தது. குழாயில் காட்டிவிட்டு, பிளாஸ்திரியைச் சுற்றிக்கொண்டு அடுத்த படுக்கைக்குப் போய்விட்டாள்.

இரண்டாம் நாள் விரல் வீங்கியது. அப்புறம் கை வீங்கியது. பிறகு காய்ச்சல் தூக்கிப் போட்டது. வார்டிலேயே பிறந்து, எல்லா மருந்தையும் பார்த்துப் பழகிய கிருமி அது. பரிசோதனை முடிவு வந்தபோது இன்பென்டா அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். ஒவ்வொரு மருந்துக்கு எதிரிலும் ‘வேலை செய்யாது’ என்றிருந்தது. கையை வெட்டியெடுத்தாலும் பிரயோஜனம் இல்லை, ரத்தத்தில் ஏறிவிட்டது என்று அறுவை டாக்டர்கள் சொல்லிவிட்டுப் போனார்கள்.

இன்பென்டா நேரே மாமியார்முன் போய் நின்றாள்.

“ஆவுடையம்மாள், இருபத்து மூன்று வயது,” என்றது அந்தக் குரல், செய்தி வாசிப்பதுபோல. “விரலில் வெட்டுக்காயம். கிருமி ரத்தத்தில் கலந்துள்ளது. பிற மருந்துகள் பயனளிக்கவில்லை. சரியா?”

“சரி. அலமாரியத் திற.”

“இம்மருந்தைக் கொடுத்தால் நோயாளி பிழைக்க வாய்ப்பு உண்டு. கொடுத்தால் இக்கிருமி இம்மருந்தையும் பழகிக்கொள்ள வாய்ப்பு உண்டு. திறக்க இயலாது.”

“ஏன் இயலாது? சின்னப் பிள்ள. வேற எந்த நோயும் கிடையாது. இவளுக்குத் திறக்காம பின்ன யாருக்குத்தான் திறப்ப?”

“இன்று ஒருவருக்குத் திறந்தால் நாளை எவருக்கும் இருக்காது.”

அந்த வாக்கியம் மாமியாருடையது அல்ல. யாருடையது என்று இன்பென்டாவுக்கு நன்றாகத் தெரியும்.

போன வருஷம் இதே ஆடிக் காற்றில், மெஸ் ஜன்னல்கள் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தபோது பிறந்த வாக்கியம் அது. இறுதியாண்டு மாணவர்களுக்கு மாமியாரிடம் ஒரு வாய்மொழித் தேர்வு உண்டு. வைவா என்பார்கள். ஒவ்வொருவராக அடைத்த அறைக்குள் போக வேண்டும். மாமியார் அப்போது ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் நோயாளிகளையே பெயரை மட்டும் மறைத்து எடுத்துச் சொல்வாள். ‘திறக்கலாமா, வேண்டாமா? ஏன்?’ என்பாள். கிருமிகள் எப்படி மருந்துக்குப் பழகுகின்றன என்பது பிள்ளைகளுக்குத் தெரிகிறதா என்று பார்க்கிற பரீட்சை. அதில் தோற்றால் ஒரு வருஷம் காலி. வீட்டில் காய்ச்சி எடுத்துவிடுவார்கள். முதல் நாள் போன பிள்ளைகளில் சிலர் ஊத்திக்கொண்டு வந்தார்கள். ஆவுடை ஒவ்வொருத்தரையும் பிடித்து உட்காரவைத்து, என்ன கேட்டது, என்ன சொன்னாய் என்று துருவினாள். அப்புறம் மெஸ் பெஞ்சின்மேல் ஏறி நின்றாள்.

“ஏட்டி, எல்லாரும் கேளுங்க! திறக்கலாம்னு சொன்னவன் பூரா பெயிலு. வேண்டாம்னு சொன்னவன் பூரா பாஸு. மாமியா எதைக் கேட்டாலும் வேண்டாம்னு சொல்லுங்க. கெழவனா, வேண்டாம். கொமரியா, வேண்டாம். கைப்பிள்ளையா, அதுக்கும் வேண்டாம். காரணம் கேட்டா ஒரே வரி: ‘இன்று ஒருவருக்குத் திறந்தால் நாளை எவருக்கும் இருக்காது.’ முடிஞ்சு போச்சு. போய் உறங்குங்க!”

மெஸ்ஸே கை தட்டிச் சிரித்தது. அடுத்த நாள் போனவர்கள் அத்தனை பேரும் பாஸ். இன்பென்டாவும் அதே வரியைத்தான் ஒப்பித்தாள். அந்த அறையில் எந்த நோயாளியைப் பற்றிக் கேட்டது என்றுகூட அவளுக்கு ஞாபகம் இல்லை. ஒன்று சொல்லவேண்டும். அந்தப் பிள்ளைகள் படிக்காமல் ஒப்பித்தவர்கள் அல்ல. கிருமி எப்படிப் பழகும், எந்த மருந்தை எப்போது நிறுத்தக் கூடாது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். அதே பிள்ளைகள்தான் பரீட்சை நேரத்தில் தொண்டை கரகரத்தால் ஹாஸ்டலுக்கு எதிர்க்கடையில் சீட்டில்லாமல் மாத்திரை வாங்கி, இரண்டு போட்டுவிட்டு மிச்சத்தை மேசை டிராயரில் எறிந்தவர்கள். தெரிந்தது ஒரு பக்கம் இருந்தது, வாழ்க்கை ஒரு பக்கம் நடந்தது.

இன்பென்டா குற்றாலலிங்கம் சாரிடம் ஓடினாள். பொது மருத்துவத் துறைக்குத் தலைவர், ஓய்வு பெறப் போகிறவர், எதையும் இடக்காகப் பேசுகிறவர். அவர் ஆவுடையின் கையைப் பார்த்துவிட்டு வந்து ஜன்னலோரம் நின்றிருந்தார். வெளியே மைதானத்துப் புழுதி எழும்பிச் சுழன்றுகொண்டிருந்தது.

“சார், நீங்க கேட்டா குடுக்காதா?”

“என்கிட்ட அது பேசவே செய்யாதும்மா. முப்பது வருஷம் வைத்தியம் பார்த்தவன் கேட்டா குரலே வராது. உங்களை மாதிரி நண்டு சிண்டு கேட்டாத்தான் வாயத் திறக்கும்.”

“ஏன் சார் அப்படி வச்சாங்க?”

“சாவி எங்க கையில இருந்த காலத்துல நாங்க என்ன கிழிச்சோம்? சளின்னு வந்தவனுக்குக் குடுத்தோம். கேட்டவனுக்குக் குடுத்தோம், கேக்காதவனுக்கும் குடுத்தோம். குடுக்கலேன்னா அடுத்த தெரு டாக்டர்கிட்டப் போயிருவானே! அப்படியே ஒவ்வொரு மருந்தா நாசமாக்கினோம். அப்புறம் ஒரு ஆராய்ச்சி செஞ்சாங்க. பெரிய டாக்டருங்க கை கெட்டுப் போச்சு, ஆனா படிக்கிற பிள்ளைகள் என்ன கேட்டாலும் சரியான பதில் சொல்லுதுன்னு கண்டுபிடிச்சாங்க. அதனால மாமியாருக்கு உங்களையே வாத்தியாரா வச்சுட்டாங்க.”

“நாங்கதான் அதுக்குப் பரீட்சை எழுதுறோம் சார். அதுதான் எங்களுக்கு மார்க் போடுது.”

“அங்கதாம்மா கோளாறு. ஒரு உசிருக்கும் நாளைக்கு வரப்போற உசிருங்களுக்கும் எவ்வளவு எடை போடணும்னு எந்த மேதாவிக்கும் தெரியல. சரி, மாணவர்கள் வைவாவுல சொல்ற பதிலை வச்சு அதுவே கத்துக்கட்டும்னு விட்டுட்டாங்க. மார்க் எப்படி? இதுவரைக்கும் அது கத்துக்கிட்டதோட உன் பதில் ஒத்துப்போனா மார்க். நீ மார்க்குக்காக அதுக்குப் பிடிச்சதைச் சொல்லுற. நீ சொன்னதைக் கேட்டு அது இன்னும் கெட்டியாகுது. சலூன்ல எதிரும் புதிருமா கண்ணாடி மாட்டியிருப்பானே, பாத்திருக்கியா? ஒரே மூஞ்சி போய்க்கிட்டே இருக்கும்.”

“போன வைவாவுக்கு அப்புறம் அது யாருக்காவது திறந்திருக்கா சார்?”

“ஒருத்தருக்கும் இல்ல. அதுக்குத்தானே நம்ம காலேஜுக்கு கேடயம் குடுத்தாங்க. நீகூட மேடையில நின்னு போட்டோ எடுத்துக்கிட்டியே.”

லோடு ஆட்டோக்காரரின் மனைவி வாயைப் பொத்திக்கொண்டது இன்பென்டாவுக்கு நினைவு வந்தது. அவர் பெயர் மட்டும் வரவில்லை.

“அது சொல்றது தப்புன்னும் என்னால அடிச்சுச் சொல்ல முடியலம்மா,” என்றார் சார், குரலில் இடக்கு போய்விட்டிருந்தது. “திறந்து திறந்துதான் இந்த நிலைமைக்கு வந்தோம். ஆனா ஒருத்தருக்குமே திறக்காத மருந்து இருந்தா என்ன, இல்லாட்டா என்ன? போம்மா. என்னால ஆகக்கூடியது ஒண்ணும் இல்ல.”

வாசல்வரை போனவள் திரும்பினாள். “சார், இந்த வருஷ வைவா நாளைக்கு ஒரே நாள்லதானே?”

குற்றாலலிங்கம் ஜன்னலைச் சாத்திவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

“ஊருக்கு ஊர் கிருமி வேற. அதனால அந்தந்த காலேஜ் பிள்ளைகள் சொல்றதுக்குத்தான் அந்தந்த அலமாரி ரொம்பக் காது குடுக்கும். வைவா முடிஞ்ச கையோட தன்னைத் திருத்திக்கும். பாதிப் பேர் திறக்கலாம்னு சொன்னாக்கூட அசைஞ்சிரும்.” பிறகு சேர்த்துக்கொண்டார்: “சொல்றவன் பூரா பெயில் ஆவான். அதையும் மறைக்காமச் சொல்லிரு.”

மறைக்காமல்தான் சொன்னாள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், மெஸ்ஸில், ஆவுடை ஏறி நின்ற அதே பெஞ்சின் பக்கத்தில் நின்று சொன்னாள். ஏறி நிற்க அவளுக்குத் தெம்பு இல்லை. சாம்பார் வாளி வைத்தபடி நின்றது, தட்டுகளில் சோறு காய்ந்தது. இறுதியாண்டுப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் ஆவுடையக்காவைத் தெரியும். ரத்தம் எடுக்க நரம்பு கிடைக்காமல் கை நடுங்கியவர்களுக்குப் பின்னால் நின்று, “பதறாத, குத்து” என்றவள். ராகிங் என்ற பெயரில் முதலாண்டுப் பிள்ளைகளைப் பாட்டுப் பாடவைத்து, அப்புறம் பரோட்டா வாங்கிக் கொடுத்தவள்.

“உங்க வைவாவுல அவ கேஸு வரும். இருபத்து மூணு வயசு, விரல் காயம்னு சொல்லும். அதுக்கு மட்டும் திறக்கலாம்னு சொல்லுங்க. சொன்னா பெயிலாவீங்க. ஒரு வருஷம் போயிரும். நான் கேக்கிறது பெரிய விஷயம்னு தெரியும். எனக்கு வேற வழி தெரியல.” புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

முதலில் எழுந்தவள் நிலோஃபர். மேலப்பாளையத்துப் பெண், வகுப்புப் பிரதிநிதி.

“நீங்க ஏன்க்கா அழுறீங்க? நாங்க சொல்றோம். எல்லாரும் சொல்றோம். ஒரு வருஷம் போனா போவட்டும். ஆவுடையக்கா போனா வருவாங்களா?”

அப்புறம் பெஞ்சு பெஞ்சாக எழுந்தார்கள். ஒருவன் அம்மா மேல் சத்தியம் என்றான். இன்னொருவன், எல்லாரும் பெயிலானால் அது பெயிலே இல்லை, லீவு என்று சொல்லிச் சிரிக்கவைத்தான். இன்பென்டாவுக்கு அந்தப் பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே ஆவுடையின் அப்பா செல்லையா உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்தார்.

“என்னம்மா, மருந்து கெடைச்சிருமா? இத்தனை டாக்டர் பிள்ளைக இருக்கிய. என் மகளுக்கு ஒரு மருந்தா கெடைக்காமப் போயிரும்?”

“கெடைச்சிரும்ப்பா,” என்றாள் இன்பென்டா.

உள்ளே ஆவுடை விழித்திருந்தாள். வலது கை முழங்கைக்கு மேல்வரை கறுத்து, தலையணைமேல் கிடந்தது. கதையைக் கேட்டதும் அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே இருமலும்.

“ஏட்டி, ஒரு பேட்ச் முழுக்க பெயிலா? காலேஜையே இழுத்து மூடிருவானுவளே!”

“மூடட்டும்.”

“அந்த நிலோஃபர் பிள்ளைக்கு அவ வாப்பா மாப்பிள பாத்து வச்சிருக்காரு. பெயிலாயிட்டான்னா படிப்பை நிறுத்தி நிக்காஹ் பண்ணிருவாரு. வேண்டாம்னு சொல்லு.”

“நீ வாயை மூடிக்கிட்டுப் படு.”

ஆவுடை முகட்டைப் பார்த்துக்கொண்டு படுத்தாள். காதோரம் தண்ணீர் வழிந்தது. “சும்மா சொன்னேன்,” என்றாள். “சொல்லட்டும். எல்லாரும் சொல்லட்டும். எனக்குச் சாகப் பிடிக்கல இன்பென்டா.”

அடுத்த நாள் காலையில் வைவா தொடங்கியது. இன்பென்டா டியூட்டியை வேறொருத்தியிடம் தள்ளிவிட்டு அந்த நடைபாதையிலேயே நின்றாள். அறைக்குள் கைப்பேசி கூடாது, துணை கூடாது. கதவு மூடினால் உள்ளே அந்தப் பிள்ளையும் மாமியாரும் மட்டும்தான். வெளியே வந்த பிள்ளைகள் ஒவ்வொருவராக அவளைக் கடந்து போனார்கள். சிலர் தலையை ஆட்டினார்கள். ஒருத்தி அவள் கையை அழுத்திவிட்டு ஓடினாள். அம்மா மேல் சத்தியம் செய்தவன் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். நிலோஃபர் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள். ஒரு வருஷம் போச்சே என்று அழுகிறாள், பாவம் என்று நினைத்துக்கொண்டாள் இன்பென்டா. இந்தக் கடனை எந்தப் பிறவியில் அடைப்பது என்றும் நினைத்தாள்.

கடைசிப் பிள்ளை வெளியே வந்ததும் அவள் ஓடினாள். ஓட்டம் என்றால் ஓட்டம், வராந்தாவில் எதிர்ப்பட்ட சக்கர நாற்காலியை இடித்துக்கொண்டு ஓட்டம். மாமியாரின் நெற்றியில் சிவப்பு விளக்குதான் எரிந்துகொண்டிருந்தது. அது பழைய சிவப்பாக இருக்கும், கேட்டால்தான் பச்சையாகும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

“ஆவுடையம்மாளுக்குத் திற.”

“திறக்க இயலாது. இன்று ஒருவருக்குத் திறந்தால் நாளை எவருக்கும் இருக்காது.”

“நீ இன்னும் திருத்திக்கல. வைவா முடிஞ்சிருச்சு. இந்த வருஷப் பதிலைச் சேத்துக்கிட்டுச் சொல்லு.”

“சேர்த்துக்கொள்ளப்பட்டது. இந்நோயாளி குறித்து இன்று இக்கல்லூரியின் இறுதியாண்டு மாணவர் அனைவரிடமும் கேட்கப்பட்டது. அனைவரும் ஒரே பதிலைக் கூறினர்.”

“அனைவருமா?”

“அனைவரும்.”

இன்பென்டா அந்த எஃகுக் கதவை இரண்டு கையாலும் அறைந்தாள். அறைந்து என்ன ஆகும்? உள்ளே குப்பிகள் ஒன்றோடொன்று உரசுகிற மெல்லிய சத்தம் கேட்டது. அவ்வளவு பக்கத்தில் இருந்தன.

திரும்பினால் வாசலில் நிலோஃபர் நின்றிருந்தாள்.

“நான் மட்டும்தான் அப்படிச் சொன்னேன்னு நெனச்சேன்க்கா,” என்றாள். உதடு கோணியது. “உள்ள போய் உக்காந்ததும் இருபத்து மூணு வயசுப் பொண்ணுன்னு சொல்லுச்சு. அக்காதான்னு தெரிஞ்சுச்சு. திறக்கலாம்னு சொல்லத்தான் வாயைத் தொறந்தேன். வாப்பா மொகம் வந்துச்சு. இத்தனை பேர் சொல்றாங்களே, நான் ஒருத்தி சொல்லாட்டி என்ன கொறஞ்சிரப் போகுதுன்னு…” முடிக்காமல் சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டாள்.

இன்பென்டாவுக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. ஓங்கி ஒன்று வைக்கலாம் என்று கைகூடத் தூக்கிவிட்டாள். தூக்கிய கை அப்படியே நின்றது. போன வருஷம் அந்த அறையில் நானும்தானே இருந்தேன், எந்தப் படுக்கையில் கிடந்த யாரைப் பற்றி வேண்டாம் என்று சொன்னேன் என்று யோசித்தாள். லோடு ஆட்டோக்காரருக்கும் முன்பே, யார் யாருக்கோ வேண்டாம் என்றிருக்கிறாள். அவர்களுக்கும் வாசலில் ஓர் அப்பா உட்கார்ந்திருந்திருப்பார். கையைத் தாழ்த்தி நிலோஃபரின் தலையில் வைத்தாள். அதைவிட வேறொன்றும் அவளால் செய்ய முடியவில்லை.

இதற்குள் செய்தி டீனுக்குப் போய்விட்டது. மருந்தெதிர்ப்பு அறிவில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி, ஒரு பிள்ளைகூடத் தவறவில்லை, மாநிலத்திலேயே முதலிடம்! அலுவலகத்தில் லட்டுக்கு ஆள் அனுப்பினார்கள். அடுத்த கேடயத்துக்கு அலமாரியில் இடம் ஒழித்தார்கள். குற்றாலலிங்கம் சாரை இரண்டு வார்த்தை பேசக் கூப்பிட்டபோது, தலைவலி என்று சொல்லி அறைக்கதவைச் சாத்திக்கொண்டார்.

இன்பென்டா முகத்தைக் கழுவிவிட்டு ஆவுடையிடம் போனாள். கண்ணாடிக் கதவைத் தள்ளி உள்ளே நுழைவதற்குள் நாலுமுறை சிரித்துப் பழகிப் பார்த்தாள்.

ஆவுடைக்கு மூச்சு மேலேயே நின்று வாங்கிக்கொண்டிருந்தது. ஆனால் கண் தெளிவாக இருந்தது. வாசலையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

“எத்தன பேருட்டி பெயிலு?”

அந்தக் கேள்வியை இன்பென்டா எதிர்பார்க்கவில்லை. “நெறைய,” என்றாள். “பாதிக்குமேல.”

“நெசமாவா? நிலோஃபரு?”

“அவளும்தான்.”

“அய்யோ பாவம்,” என்றாள் ஆவுடை. சொல்லும்போதே முகம் மலர்ந்துவிட்டது. அவ்வளவு காய்ச்சலிலும் ஒரு வெட்கம் கலந்த சந்தோஷம் வந்து உட்கார்ந்தது. “எனக்காகவா! கூறு கெட்ட பிள்ளைக. ஒரு வருஷத்த தூக்கிக் குடுத்துட்டுதுவளே. அப்ப அலமாரி?”

“திருத்திக்கிட்டு இருக்கு. கொஞ்ச நேரம் ஆகுமாம். இப்ப தந்துரும்.”

இன்பென்டா அவளுடைய இடது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். சூடு கொதித்தது. இப்படியே நம்பிக்கொண்டு தூங்கிப் போய்விட்டால் போதும் என்று இருந்தது அவளுக்கு. மாதாவே, இவளைத் தூங்க வை என்று மனசுக்குள் கெஞ்சினாள்.

அப்போதுதான் வெளியே வெடித்தது. பத்தாயிரம் வாலா சரவெடி. ஆஸ்பத்திரி என்றும் பாராமல், நிர்வாகக் கட்டடத்து வாசலில் யாரோ கொளுத்திவிட்டார்கள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. வெடி ஓய்ந்ததும் ஓ என்று பிள்ளைகளின் கூச்சல்.

“என்னட்டி வெடிச்சத்தம்?”

“கல்யாணம் போல,” என்றாள் இன்பென்டா. வாயில் வந்ததைச் சொன்னாள். “மாப்பிள்ளை ஊர்வலம் போகுது.”

ஆவுடை கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டாளோ என்று இன்பென்டா குனிந்து பார்த்தாள்.

“ஆடி மாசத்துலயா?” என்றாள் ஆவுடை.

இன்பென்டா மடியில் இருந்த கையை இறுக்கிப் பிடித்தாள். இரண்டாவது சரம் ஆரம்பித்து, வெகுநேரம் வெடித்து, அடங்கியது.

“ஒருத்தர்கூடவா சொல்லல?”

இன்பென்டா தலையைக் குனிந்துகொண்டாள்.

“பிள்ளைகள ஏசாத,” என்றாள் ஆவுடை. கண்ணைத் திறக்கவில்லை. “நான் சொல்லிக் குடுத்ததத்தான சொல்லியிருக்குதுவ.” ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் ஒரு மூச்சு எடுத்தாள். “நீ சொல்லு. அந்த ரூம்புல இன்னைக்கு நீ இருந்தா, என்ன சொல்லியிருப்ப?”

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், முன்னறைச் சுவரில், சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இன்பென்டா அதைப் பார்த்தாள். ஐந்து வருஷம் படித்தும், ஒரு வருஷம் உழைத்தும், அந்த வைவா அறையில் எத்தனையோ பேரைப் பற்றிக் கேட்கப்பட்டும், அவள் ஒருமுறைகூட யாருக்காகவும் சொல்லாத பதில் அது.

“திறக்கலாம்,” என்றாள். ஆவுடைக்குக் கேட்கவேண்டும் என்று இன்னொரு தடவையும் உரக்கச் சொன்னாள்.

விளக்கு சிவப்பாகவே எரிந்தது. இப்போது மாமியார் அவளிடம் எந்தக் கேள்வியும் கேட்டிருக்கவில்லை.